சிவப்பு வானத்துக்கு, பச்சை முகத்துக்கு

என் பிரியமுள்ள கலாமணி,

இருபத்திரண்டு வருஷம் உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். ஒரே ஸ்டூடியோ, ஒரே டீ பிளாஸ்க், மழை வந்தால் ஒரே குடை. அப்படி இருந்தும் சண்டை வந்தால்கூட "கொஞ்சம் வாய மூடறீங்களா" என்று மரியாதை கெடாமல்தான் சண்டை போட்டோம். கோயமுத்தூர்க்காரிகளுக்கு வைவதற்கும் ஒரு "ங்க" வேண்டும். இந்தக் கடிதத்தில் மட்டும் "நீ" என்று எழுதுகிறேன். கோபத்தில் இருக்கிறேன், பொறுத்துக்கொள். கோபம் உன்மேல் கால்வாசி, உன் அண்ணன்மேல் கால்வாசி, மீதி எல்லாம் என்மேல்தான்.

இதை ஊரறியத்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் சொல்வதென்றால் ஸ்டூடியோவைப் பெருக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லி முடித்திருப்பேன். உன் முகத்தை ஊரறிய மறைத்தார்கள், மறைக்க நானும் துணை போனேன். திருத்துவதும் ஊரறியத்தான் நடக்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை உன் முதல் வருஷத் திதி. உன் அண்ணன் வீட்டு ஹாலில் உன் படம் தொங்குகிறது, சந்தன மாலையும் சீரியல் பல்பும் போட்டு. அது நான் எடுத்த படம்தான். ஆனால் நீ மாட்டச் சொல்லிவிட்டுப் போன படம் அது இல்லை. நீ சொன்னது என் பீரோவில் துணி சுற்றிக் கிடக்கிறது. இரண்டில் எதை மாட்டுவது என்பதுதான் எனக்கும் உன் அண்ணனுக்கும் ஒரு வாரமாக நடந்த சண்டை.

படிக்கிற மற்றவர்களுக்காக நம் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், கொட்டாவி விடாதே. போத்தனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நம் ஸ்டூடியோ. கல்யாணம், சீர், ஜாதகத்தோடு கொடுக்கிற பொண்ணு போட்டோ. எல்லோரும் கலரில் எடுத்தபோது, நாம் கருப்பு வெள்ளையும் எடுப்போம் என்று பெயர் வாங்கினோம். கேமரா டிஜிட்டல்தான். ஆனால் லென்ஸுக்கு முன்னால் நிறக் கண்ணாடி மாட்டி எடுப்போம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று நாலு ஃபில்டர், உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் நீ அரை நாள் பேரம் பேசி வாங்கியவை.

சிவப்புக் கண்ணாடி போட்டால் நீலம் கறுக்கும், சிவப்பு வெளுக்கும். உக்கடம் குளத்துக்கு மேலே இருக்கிற சாதாரண வெயில் வானம், மழை வரப் போகிற மாதிரி கறுத்துப் போய், மேகம் மட்டும் எழும்பி நிற்கும். அதைப் பார்த்து நீ சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டுவாய். அதே கண்ணாடியை முகத்துக்கு முன்னால் போட்டால் நம் ஊர் மாநிறம் நாலு படி வெளுக்கும். பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் காணாமல் போகும். பவுடரும் வேண்டாம், கம்ப்யூட்டரில் தேய்க்கவும் வேண்டாம். பொண்ணு போட்டோவுக்கு வருகிற அம்மாக்கள் முதலில் கேட்பதே "கொஞ்சம் வெளுப்பா வருமுங்களா" என்றுதான். வருமுங்க என்று நானும் சிவப்பை மாட்டுவேன். எத்தனை பெண்களுக்கு மாட்டியிருப்பேன்? அதில் ஒருத்தியிடமாவது உனக்கு இது சம்மதமா கண்ணு என்று கேட்டிருக்கிறேனா?

உனக்கு வெண்புள்ளி. பத்தொன்பது வயதில் உதட்டோரம் மிளகு அளவுக்கு வந்ததாம். நான் உன்னைச் சந்தித்தபோது இரண்டு கண்ணைச் சுற்றியும், மோவாயிலும், விரல்களிலும் பரவியிருந்தது. பொண்ணு பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்து போன கதையை நீ சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். "வீணாப் போகுதேன்னு நாலு டம்ளரையும் நானே குடிச்சுப்போட்டேனுங்க" என்பாய். மூன்றாவது தடவைக்கு அப்புறம் போதும் என்று நீயே சொல்லிவிட்டாய். முழுக்கை ஜாக்கெட்டும் போடவில்லை, முக்காடும் போடவில்லை. கல்யாண மண்டபத்தில் மணமேடை ஏறி, கேமராவைத் தூக்கிப் பிடித்து, "இங்க பாருங்க" என்று நீ ஒரு அதட்டுப் போட்டால் மாப்பிள்ளையிலிருந்து மாமனார் வரைக்கும் உன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி என் தப்பு. ஸ்டூடியோவுக்குப் புது போர்டு வைத்தபோது நம் இரண்டு பேர் படத்தையும் அதில் போடலாம் என்று பேசிக்கொண்டோம். உன்னை உட்கார வைத்து நான் எடுத்தேன். உன்னிடம் சொல்லாமல் சிவப்பை மாட்டினேன். புள்ளி வெள்ளை, சுற்றியிருக்கிற தோலும் வெளுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் அல்லவா? அப்படியே ஆனது. உன் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரே நிறமாக வந்தது. உனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. வாடிக்கைக்காரர்களுக்குச் செய்கிற உபசாரத்தைத் தோழிக்கும் செய்தேன். பெருமை தாங்காமல் உன் அண்ணனுக்கும் அதை வாட்ஸப்பில் அனுப்பி வைத்தேன்.

நீ திரையில் பெரிதாக்கிப் பார்த்தாய். கண், கன்னம், மோவாய் என்று ஒவ்வொரு இடமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"நல்லா இருக்குதுங்க. யாருங்க இது?"

அதோடு மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாவது நாள் பச்சைக் கண்ணாடியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாய். இதைப் போட்டு எடுப்பதானால் எடுங்க, இல்லாவிட்டால் போர்டில் உங்கள் படம் மட்டும் இருக்கட்டும் என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பச்சை மாநிறத்தை இன்னும் கறுக்க வைக்கும், உதட்டைக் கறுக்க வைக்கும், புள்ளியை மட்டும் வெள்ளையாக அப்படியே விட்டுவிடும். வேண்டுமென்றே உன்னை அசிங்கமாக எடுக்கச் சொல்கிறாய் என்று நினைத்து, முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். கடைசியில் போர்டில் நீயும் இல்லை நானும் இல்லை, ஒரு கேமரா படம்தான் போட்டோம்.

டிஜிட்டல் வந்த பிறகு எதற்குக் கண்ணாடி என்று மற்ற போட்டோகிராபர்கள் உன்னைக் கிண்டல் செய்வார்கள். கலரில் எடுத்துவிட்டு, எந்தக் கண்ணாடி வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பார்கள். நானும் அவர்கள் கட்சிதான். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. கண்ணாடி பாதி வெளிச்சத்துக்கு மேல் குடித்துவிடும், ஷட்டர் மெதுவாகும், படம் கொஞ்சம் மணல் தட்டும். அதற்கு நீ சொன்ன பதிலை அப்போது நான் வீம்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"பொறவு மாத்திக்கலாம்னு உட்டா, பொறவு மாத்தறது நாமளா இருக்கமாட்டமுங்க. வேற எவனோதான் மாத்துவான். எடுக்கறப்பவே முடிவு பண்ணிப்போடோணும்."

பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. மூன்றாவது கீமோ முடிந்த வாரம், தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாய். ஆட்டோவில் இருந்து இறங்கவே ஐந்து நிமிஷம் ஆனது. வந்ததும் வராததுமாகப் பையில் இருந்து பச்சைக் கண்ணாடியை எடுத்து நீட்டினாய். இந்தத் தடவை மறுக்காமல் வாங்கி மாட்டினேன். நீ துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாய்.

லைட் போடலாம் என்றேன், சன்னல் போதும் என்றாய். பச்சை குடித்தது போக இருந்த வெளிச்சத்துக்கு ஷட்டரை மெதுவாக வைக்க வேண்டியதாயிற்று. நம் ஸ்டூடியோ தரைதான் தெரியுமே, கூட்ஸ் வண்டி போனால் ஸ்டாண்டோடு கேமரா நடுங்கும். அன்றைக்கென்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கூட்ஸ். ஒவ்வொரு தடவையும் நீ மூச்சைப் பிடித்து நிமிர்ந்து உட்காருவாய், தரை அதிரும், நான் பொறுங்க என்று கையைக் காட்டுவேன், நீ தளர்ந்து சுவரில் சாய்வாய். நாளைக்கு எடுக்கலாமுங்க, வீட்டுக்குப் போய்ப் படுங்க என்று கெஞ்சினேன். "வண்டி போகட்டுமுங்க. நான் எங்கயும் போகல" என்றாய். மூன்றாவது வண்டி போன பிறகு ஏழு படம் எடுத்தேன், ஐந்தாவதில் நீ வந்துவிட்டாய்.

கறுத்த முகம், மொட்டைத் தலை, கண்ணைச் சுற்றி வெள்ளை வெளேரென்று இரண்டு வட்டம், அதற்கு நடுவில் இருந்து எதிரே இருப்பவரை அதட்டுகிற பார்வை. அசிங்கமாக வரும் என்று பயந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீ பார்த்துவிட்டு, இதுதானுங்க நான், கருமாதிக்கு இதைத்தான் மாட்டோணும், சொல்லிப்போட்டேன் என்றாய். அப்படியே அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? என்னிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டாய். உன்மேல் இருக்கிற கால்வாசிக் கோபம் அதற்குத்தான்.

பதினாறாம் நாள் அந்தப் படத்தைப் பிரேம் போட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஏற்கெனவே ஒரு படம் மாட்டியிருந்தது. சிவப்பில் எடுத்தது, நான் வாட்ஸப்பில் அனுப்பிய அதே படம். வந்தவர்கள் எல்லாம் என்ன லட்சணம் பாருங்க என்று சொல்லிப் பூப் போட்டார்கள். உன் அண்ணன் அழுது அழுது குரலே போயிருந்தார். அன்றைக்கு அந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது? சுற்றிய துணியைப் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். நான் எடுத்த பொய்க்கு ஊரே பூப் போட்டதை நின்று பார்த்துவிட்டு வந்தேன், கலாமணி. ஒரு வருஷமாக அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

திதிக்கு ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறார்கள், பேப்பரிலும் போடப் போகிறார்கள், அதற்கும் அந்தச் சிவப்புப் படம்தான் என்று போன வாரம் தெரிந்தது. நேராகப் போய் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சென்னியப்பண்ணனைக் கெட்டவராக்கிவிட்டேன் என்று நீயே என்னை வைவாய். அவர் மகள் திவ்யாவுக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு இடம் கூடி வருகிறது. திதிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்கள் உன்னைப் பார்த்ததில்லை. உன் படத்தைப் பார்த்தால் ரத்தத்திலேயே இருக்கிறது என்று பேசுவார்கள், கூடி வந்தது கலைந்துவிடும் என்று அவருக்குப் பயம். நான் விடாமல் பேசவும் அவருக்கு வாயில் வந்துவிட்டது.

"ஏனுங்க பரீதாம்மா, உங்க ஊட்ல செத்தவங்க படமே மாட்டமாட்டீங்க. உங்களுக்கு என்னங்க இதுல?"

சுருக்கென்றது. சொன்னது உண்மைதானே. என்னைப் பெற்ற அத்தாவுக்கு எங்கள் வீட்டில் படம் கிடையாது, மாலை கிடையாது, துஆ ஓதுவது மட்டும்தான். ஒரு நிமிஷம் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க ஊட்ல மாட்டறதில்லீங்கண்ணா. நீங்க மாட்டறதுன்னா, அவங்கள மாட்டுங்க."

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். ஃப்ளெக்ஸுக்குப் பெரிதாக அடிக்க வேண்டும், நீங்கள் சொன்ன படத்தின் ஒரிஜினல் ஃபைல் வேண்டும் என்றார். மனசு இறங்கிவிட்டது என்று நம்பி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். எப்படி வருகிறது என்று பார்க்க மறுநாள் காலை உக்கடத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனால், டிசைனர் பக்கத்தில் உன் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திரை முழுக்க உன் முகம். இதையே கொஞ்சம் வெளுப்பாக்கி, அந்த வெள்ளையை மட்டும் தெரியாமல் பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிசைனர் கெட்டிக்காரர். ஒரிஜினல் ஃபைலைக் கருப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பை ஏற்றினால் முகம் வெளுக்கும் என்று அவருக்கும் தெரியும். ஏற்றினார். முகம் வெளுக்கவில்லை, மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. இன்னும் ஏற்றினார், இன்னும் மணல். "என்னங்க இது, படத்துல சிவப்பே இல்லீங்களே" என்று என்னைப் பார்த்தார். எப்படி இருக்கும்? பச்சைக் கண்ணாடி சிவப்பை உள்ளே விட்டால்தானே? லென்ஸ் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது. எனக்கு அங்கேயே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எடுக்கும்போதே முடிவு பண்ணிப்போட்டாயே, சண்டைக்காரி!

அதோடு விடுகிற காலமா இது? போனில் ஒரு ஆப் இருக்கிறது, அதில் போட்டுப் பார்க்கலாம் என்றார் டிசைனர். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முகம் வந்தது. வெண்புள்ளி இல்லை, தலையில் வகிடெடுத்த முடி, உதட்டில் நீ ஒருநாளும் சிரிக்காத ஒரு சிரிப்பு. உன் அண்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அல்லா சாட்சி. அவராகத்தான் கேட்டார்.

"யாருங்க இது?"

நீ கேட்ட அதே கேள்வி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா, குரல்கூட உன் மாதிரியே இருந்தது. சரி, இனி நல்ல வழிக்கு வந்துவிடுவார் என்று பார்த்தால் மனுஷர் வீம்பை விடவில்லை. அந்தப் படமும் வேண்டாம், இந்தப் படமும் வேண்டாம், ஒரு குத்துவிளக்கைப் போட்டுக் கீழே பெயரைப் போடுங்க என்று எழுந்துவிட்டார்.

அப்போது எனக்குக் கண்மண் தெரியவில்லை. கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் அந்தப் புள்ளிகளோடு நடமாடிய பெண் ஒருநாளும் முகத்தை ஒளிக்கவில்லை, செத்த பிறகு ஒளித்து வைக்க நீங்க யாருங்க, நான் யாருங்க என்று கேட்டேன். உங்கள் வீட்டில் குத்துவிளக்கு மாட்டுங்க, கோயில் கோபுரம் மாட்டுங்க, என் ஸ்டூடியோவின் முன்பக்கக் கண்ணாடி முழுக்க இந்தப் படம்தான், ஸ்டேஷனில் இறங்குகிற எல்லோரும் பார்க்கட்டும், உங்கள் சம்பந்தி வீட்டாரும் பார்க்கட்டும் என்றேன். டிசைனர் பாவம், டீ குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டார். உன் அண்ணன் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் திவ்யா கூப்பிட்டாள். அவள் இப்போது பெருந்துறையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள், தெரியுமா? குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம், உன் மருமகளுக்குப் பொருத்தமான வேலைதான். அப்பா வீட்டுக்கு வந்து போட்ட சத்தத்தில் விஷயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. மேஜைமேல் கிடந்த பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டு உன் படத்தை முதல் தடவையாகப் பார்த்திருக்கிறாள்.

"பரீதாத்தை, அந்தப் படத்த நானே மாப்பிள்ளைக்கு அனுப்பிப்போட்டேனுங்க. இவங்க எங்க அத்தை, வெண்புள்ளி இருந்துச்சு, என்னையப் பாதி வளத்துனது இவங்கதான்னு எழுதிப்போட்டேன். புடிக்காட்டி வெள்ளிக்கிழமை வர வேண்டாம்னும் சொல்லிப்போட்டேன்."

பதில் வந்ததா கண்ணு என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றாள், ஆனால் அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அது எனக்குத் தெரியும். பிடிக்காத இடத்துக்கு அனுப்பியிருந்தால் அதில் என்ன பெரிய துணிச்சல்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவளுக்கும் உன் மாநிறம்தான், இரண்டு கன்னத்திலும் பருத் தழும்பு. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்திருக்கிற அவள் போட்டோ நான் சிவப்பில் எடுத்தது. ஆமாம், உன்னிடம் அத்தனை வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகும் நான் திருந்தவில்லை. உன் அண்ணன் கேட்டார், மாட்டிவிட்டேன். என்மேல் இருக்கிற கோபத்தில் இதையும் சேர்த்துக்கொள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அத்தைக்குப் போட்ட கண்ணாடியையே எனக்கும் போட்டு எடுங்க, இதையும் அனுப்போணும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பச்சையை மாட்டினேன். அதே சன்னல், அதே மெதுவான ஷட்டர். அவள் மூச்சைப் பிடித்ததும் தரை அதிர்ந்தது, கூட்ஸ். நான் கையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் போன் வந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை, திவ்யா செய்ததும் நான் தூண்டிவிட்டதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போனை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து எடுத்தேன். வண்டிச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை, இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னார்.

"பிரேம் எத்தன இஞ்சுங்க? அதுக்குத் தக்கனதான ஆணி அடிக்கோணும்."

பன்னிரண்டுக்குப் பதினாறு என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். யாருங்கத்தை என்று திவ்யா கேட்டாள். அப்புறம் சொல்கிறேன், அசையாதே கண்ணு என்று சொல்லிவிட்டுக் கேமராவில் கண்ணை வைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி போகஸ் சரியாகத் தெரியவில்லை, இருந்தாலும் படம் நன்றாக வந்திருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து இதை எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை. போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது. ஆனால் அது என் கல்யாணம் இல்லை, அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். பதில் எதுவானாலும் ஆணி அடித்தாகிவிட்டது என்று உன் அண்ணி சொன்னார்கள்.

இனி என் வாக்கு. வெள்ளிக்கிழமை காலை வந்து, அந்தச் சிவப்புப் படத்தை என் கையாலேயே கழற்றுவேன். உன் அண்ணன் இறங்கி வந்துவிட்டார் என்பதற்காக ஸ்டூடியோ கண்ணாடியை விட்டுவிடமாட்டேன், அங்கேயும் நீ இருப்பாய், கதவு அளவுக்கு. சிவப்புக் கண்ணாடியை உன் ஞாபகமாக வைத்திருப்பேன், குளத்தங்கரைக்குக் கொண்டுபோய் வானத்தை எடுப்பேன். முகத்துக்கு முன்னால் இனி அதை மாட்டமாட்டேன். "கொஞ்சம் வெளுப்பா வருமுங்களா" என்று கேட்டால் வராதுங்க என்பேன். பாதிப் பேர் வேறு ஸ்டூடியோவுக்குப் போவார்கள், போகட்டும். உட்காருகிறவர்களை, வண்டி போகும்வரை காத்திருந்து, இருக்கிறபடி எடுப்பேன்.

எழுதி முடித்ததில் கோபம் ஆறிவிட்டது. அதனால் மரியாதையாகவே முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை வாரேனுங்க. உங்கள மாட்டிப்போட்டுத்தான் திரும்புவேனுங்க.

வேறு வயிற்றில் பிறந்து உங்களுக்கே வாய்த்த தங்கச்சி,
பரீதா